கோட்டுப் போட்ட சாஜன்

லோறன்ஸ் சாஜனின் முகத்துக்கு விலை முந்நூற்றைம்பது ரூபா. கோட்டுக்கு எழுபத்தைந்து கூட. கழுத்தில் கட்டும் ரை சும்மா.

விசுவமடுச் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் செல்வராசா சொன்ன கணக்கு அது. ரையைச் சும்மா தருகிறேன் என்றபோதே சாஜனின் மகன் அனிஸ்ரன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். சந்தையில் சும்மா கொடுக்கிறவன் வேறெதையோ தலையில் கட்டப் பார்க்கிறான். ஆனால் இருபத்துமூன்று வயதுப் பெடியனுக்கு அந்தப் புத்தி வர, இன்னும் பத்துச் சாமானாவது பிழையாக வாங்கியாக வேண்டும்.

போன கிழமை அவன் தாயாருக்குத் தெரியாமல் அலுமாரியைத் திறந்து, தகப்பனின் படத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினான். அந்த இடத்தில் விட்டிருந்தோம். முன்கதை தெரியாதவர்கள் வாசலில் நிற்கத் தேவையில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

லோறன்ஸ், கொக்கிளாயில் கடல்தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. வலை இழுக்கப் போகாமல் பொலிசில் சேர்ந்து, சாஜன் பதவிவரை வந்தார். எண்பத்துமூன்று மார்கழியில், கடமையில் நின்ற நேரம், பேராற்று வெள்ளம் அவரைக் கொண்டுபோனது. அடுத்த வருஷம் கொக்கிளாய்ச் சனம் முழுக்க ஆமிக்குப் பயந்து எழும்பி ஓடியபோது அவருடைய மனைவி ஞானமலர் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் ஓடி வந்தார். பெட்டிக்குள் கணவரின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. காக்கிச் சட்டை, கையில் சாஜனுக்குரிய மூன்று பட்டி, கக்கத்தில் தொப்பி.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி, பொலிஸ் என்றால் எதிராளி என்று ஆன பிறகு, வன்னியில் காக்கிச் சட்டைப் படத்தை விறாந்தையில் மாட்டுகிறவர் இல்லை. ஆரும் வந்து கழற்றச் சொல்லவில்லை. ஆரும் சொல்லும்வரை ஞானமலர் காத்திருக்கவும் இல்லை. படம் அலுமாரிக்குள் போனது. ஒவ்வொரு மார்கழி பதினாறாம் தேதியும் அலுமாரிக் கதவைத் திறந்து, முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, செபம் சொல்லி, திரும்பப் பூட்டிவிடுவார். சேலைகளுக்கு நடுவில் மூன்று வருஷமாக ஒரு சாஜன் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

இது பத்தாவது ஆண்டு. அதோடு மகள் நிறஞ்சனாவுக்கு ஒரு சம்பந்தமும் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் செல்வநாயகம் பளையில் கடை வைத்திருந்தவர். இடம்பெயர்ந்து வந்து இப்போது தருமபுரத்தில் கடை வைத்திருக்கிறார். நினைவு நாள் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சாப்பாடு சாட்டு. பெண்ணையும் வீட்டையும் பார்ப்பதுதான் அலுவல்.

போன வருஷம் வந்த சம்பந்தம், “பொலிஸ் குடும்பமோ?” என்ற ஒற்றைக் கேள்வியோடு வந்த வழியே திரும்பிப் போனது. ஆகவே இந்த முறை அனிஸ்ரன் முந்திக்கொண்டான். தகப்பனை அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் என்று தரகரிடம் சொல்லிவிட்டான். கிளாக்கர் காக்கி போடமாட்டார். அதனால்தான் கோட்டு.

நினைவு நாள் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அனிஸ்ரன் பேப்பரில் சுற்றிய படத்தை மேசையில் வைத்தான்.

“அம்மா, கண்ணாடி போட்டுக் கொண்டந்திருக்கிறன். இனி அலுமாரிக்குள்ள வைக்கத் தேவையில்லை. வெளியிலயே வைக்கலாம்.”

ஞானமலர் பேப்பரை விரித்தார். கன நேரம் பார்த்தார்.

“இது ஆர்?”

“என்னம்மா கேள்வி? அப்பா.”

“முகம் அப்பா. கழுத்துக்குக் கீழ ஆர்?”

படம் கறுப்பு வெள்ளை. கோட்டு கத்தரிக்காய் நிறம். ரையில் செல்வராசா தன் கைவண்ணத்தைக் காட்டி மஞ்சள் புள்ளிகளும் வைத்திருந்தான். தொப்பி இருந்த இடத்தில் ஒரு புத்தகம் முளைத்திருந்தது.

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நிறஞ்சனா எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ அண்ணா! அப்பாவைச் சவப்பெட்டிக்குள்ள வளர்த்தின மாதிரி எல்லோ கிடக்கு.”

“பெட்டிக்குள்ளயும் அவருக்கு நான் கோட்டுப் போடேல்லை,” என்றார் ஞானமலர். “காக்கியோடதான் அடக்கம். நான்தான் பட்டன் பூட்டினது.” பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார். “சரி, இது பிரதி. பழைய படம் எங்க?”

அனிஸ்ரன் கூரையைப் பார்த்தான்.

“எங்கயடா?”

“இதுதான் அம்மா. படம் அடிக்கிற பேப்பரை வவுனியாவால ஆமி விடுறாங்கள் இல்லையாம். மருந்தும் இல்லையாம். அதால படத்துக்கு மேலயே தீட்டிக் குடுத்தவர்.”

ஞானமலர் கதிரையில் இருந்துவிட்டார்.

“ஆரைக் கேட்டுச் செய்தனி?”

“நிறஞ்சனாக்காகத்தான் அம்மா. தரகரிட்ட... அப்பா கச்சேரியில கிளாக்கர் எண்டு சொன்னனான்.”

“அப்ப அந்தக் கோட்டுக்காரற்ற மகளை அவையள் கேட்டுக் கட்டட்டும்,” என்றாள் நிறஞ்சனா, கையில் தேங்காய்ப் பாதியோடு. “நான் வேற ஆள்.”

“நீ வாயை மூடு. போன வருஷம் அவையள் திரும்பிப் போக மூண்டு நாள் அழுதது ஆர்?”

“மூண்டு நாளில்லை, ரண்டு. மூண்டாம் நாள் எனக்குத் தடிமன்.”

ஞானமலர் படத்தைத் திரும்பப் பேப்பரில் சுற்றினார்.

“சைக்கிளை எடு.”

“எங்க அம்மா? செல்வநாயகத்தார் பன்னிரண்டு மணிக்கு வந்திடுவார்.”

“இப்ப எட்டரைதான். அதுக்கிடையில என்ர மனிசன் எனக்கு வேணும்.”

*

சந்திக்கு இரண்டு மைல். மழை விட்டிருந்தது, பாதை விடவில்லை. ஞானமலர் கரியரில் இருந்து, படத்தை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். ஒவ்வொரு குழியிலும் அனிஸ்ரன் “பிடிச்சிருங்கோ” என்றான். ஒவ்வொரு குழியிலும் அவர் படத்தைப் பிடித்தாரே தவிர, சீற்றைப் பிடிக்கவில்லை.

அந்த நாளில் கொக்கிளாயில் எல்லா வீட்டுக் கொடியிலும் வலையும் சாறமும் காயும். அவர்கள் வீட்டுக் கொடியில் மட்டும் காக்கி. கஞ்சி போட்ட காக்கி காற்றுக்கு ஆடாது. ஆள் ஒருவர் நிற்பது போல நிமிர்ந்து நிற்கும். லீவு முடியும் நாள் விடியவே சிரட்டைக் கரி போட்டு, இஸ்திரிப் பெட்டியை வாழையிலையில் ஒரு தேய்த்துத் தேய்த்து, அந்தச் சட்டையின் மடிப்பைக் கத்தி போலக் கொண்டுவருவார் ஞானமலர். இடுப்புப் பட்டியின் பித்தளைக்குப் பழப்புளி. சப்பாத்துக்கு லோறன்ஸே. அதை மட்டும் அவர் ஆரையும் தொட விடமாட்டார்.

ஞானமலருக்கு அவர் அறிமுகமானதும் சட்டத்தின் மூலம்தான். அப்போது அவர் வெறும் கொன்ஸ்தாபிள். ஞானமலரின் தகப்பன், மகளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு, விளக்கும் இல்லாமல், பொழுதுபட்ட மைம்மல் நேரம் வந்தார். ஒன்றுக்கு இரண்டு குற்றம். லோறன்ஸ் மறித்துப் பொக்கற் புத்தகத்தை எடுத்தார்.

“உங்கட பேர்?”

தகப்பன் சொன்னார்.

“இவவின்ர பேர்?”

“அவளின்ர பேர் என்னத்துக்கு? சைக்கிள் ஓடினது நானெல்லோ?”

“டபிள் வந்தால் ரண்டு பேரும் எழுதவேணும், ஐயா. சட்டம்.”

அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை என்பது கலியாணம் முடிந்து எட்டு மாசத்துக்குப் பிறகுதான் ஞானமலருக்குத் தெரிய வந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மாமியார் பயந்து அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டார்.

விளக்கில்லாத சைக்கிளை லோறன்ஸ் முதல் தரம் எச்சரித்து விடுவார். இரண்டாம் தரம் ரியூப்பில் காற்றைத் திறந்துவிடுவார். திறந்துவிட்டு, தன்னுடைய சைக்கிளில் கட்டியிருக்கும் பம்பைக் கழற்றிக் கையில் கொடுப்பார். “காத்தைத் திறந்து பிறகு பம்ப் குடுக்கிறதெண்டால், இதென்ன விளையாட்டோ?” என்று பெரிய சாஜன் ஒருநாள் ஏசினார். “சேர், காத்தைத் திறக்கச் சொல்லி இருக்கு. பம்ப் குடுக்க வேண்டாமெண்டு இல்லையே,” என்று இவர் சொன்னாராம். அந்தப் பம்ப் அடிக்க ஒவ்வொருவனுக்கும் ஐந்து நிமிஷம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷமும் பக்கத்தில் நின்று குடும்பக் கதை கேட்பார். இரண்டு தரம் பம்ப் அடித்தவன் மூன்றாம் தரம் விளக்கோடு வருவான். சில பேர் கதைக்கென்றே விளக்கில்லாமலும் வருவார்கள்.

“அம்மா, வந்திட்டம்,” என்றான் அனிஸ்ரன்.

*

ஸ்ரூடியோ என்றால் முன்னுக்கு ஒரு தட்டி, உள்ளே ஒரு ஸ்ரூல், பின்னுக்குத் தென்னைமரமும் நிலாவும் வரைந்த சீலை. படம் அடிக்கப் பேப்பர் இல்லாத காலத்தில் செல்வராசா, பழைய படங்களுக்குக் கோட்டும் நகையும் போட்டுத்தான் சீவித்தான். அவன் கையால் சங்கிலி போடாத கிழவி அந்தப் பக்கத்தில் இல்லை.

“கோட்டுப் பிடிக்கேல்லையோ அம்மா? நிறம் மாத்தித் தரலாம்.”

“கழட்டித் தாரும்.”

செல்வராசா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

“கழட்டலாம். நூற்றைம்பது.”

“போட எழுபத்தைஞ்சு, கழட்ட நூற்றைம்பதோ?”

“போடுறது சுகம் அம்மா, கழட்டுறதுதான் கரைச்சல். கலியாணமும் அப்பிடித்தானே.”

“நான் கழட்டேல்லை. வெள்ளம் கழட்டினது,” என்றார் ஞானமலர். “கதையை விட்டிட்டு வேலையைச் சொல்லும்.”

செல்வராசாவுக்கு அதற்குப் பிறகு பகிடி வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி, படத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தான்.

“உண்மையைச் சொல்லுறன். பூச்சு தண்ணியில வரும். ஆனால் இந்தப் படம் முந்தியே நனைஞ்சு காய்ஞ்ச படம். உப்புக் காத்தும் பட்டிருக்கு. மேல் தோல் ஊதிக் கிடக்கு. ஈரப் பஞ்சால துடைச்சால் கோட்டு வரும். கோட்டோட தோலும் வந்தால், அது எதுவரை உரியுமெண்டு எனக்குச் சொல்ல ஏலாது. முகமும் போகலாம்.”

“முகம் போனால்?”

“போனதுதான்.”

அனிஸ்ரன் தாயின் கையைப் பிடித்தான்.

“வேண்டாம் அம்மா. பிழை என்னில. ஏசுங்கோ, அடியுங்கோ. முகம் எண்டாலும் இருக்கட்டும். வேற படம் எங்களிட்ட இல்லை.”

ஞானமலர் ஸ்ரூலில் இருந்தார், படம் எடுக்க வந்தவர் போல. பின்னால் சீலை நிலா.

“அனிஸ்ரன், அண்டைக்கு மதகுக்கு மேலால தண்ணி பாயேக்குள்ள, அதுக்குள்ள இறங்கவேண்டிய அவசியம் கிளாக்கருக்கு இல்லை. விளங்குதோ? கிளாக்கராயிருந்தால் அவர் இண்டைக்கு இருந்து உனக்கு ஏசியிருப்பார். அந்தச் சட்டைதான் அவரை ஆத்துக்குள்ள இறக்கினது. அதையும் கழட்டிப்போட்டு முகத்தை மட்டும் வைச்சால், மனிசன் சும்மா தவறி விழுந்து செத்தவர் எண்டு ஆகும்.”

அவர் செல்வராசாவிடம் திரும்பினார். “கையில இருந்து துவங்கும். முகத்துக்குத் தூரமா. நிப்பாட்டு எண்டால் நிப்பாட்ட வேணும்.”

ஈர்க்கில் நுனியில் பஞ்சு சுற்றி, சிரட்டைத் தண்ணீரில் தோய்த்து, பிழிந்து, செல்வராசா குனிந்தான். கத்தரிக்காய் நிறம் பஞ்சில் ஏறியது. பஞ்சை எறிந்து வேறு பஞ்சு. முழங்கைக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு வந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது பட்டியும் வந்தபோது தையல் கூடத் தெரிந்தது. அந்தப் பட்டியைத் தைத்தவர் அவர்தான். பதவி உயர்வு வந்த அன்று, மாமியாரின் கறுத்த நூலால், அவசரத்தில். ஒரு தையல் கோணல். அந்தக் கோணலும் அப்படியே இருந்தது.

பஞ்சு தோளைத் தாண்டி நெஞ்சுக்குப் போனது. படத்தின் தோல் சின்னதாக ஒரு கொப்புளம் போட்டது. கொப்புளத்தில் இருந்து ஒரு மடிப்பு நீண்டு, கழுத்துப் பக்கமாக ஊர்ந்தது.

“நிப்பாட்டு!”

செல்வராசா கையை எடுத்துவிட்டான். மடிப்பு தாடைக்கு ஒரு நூல் கீழே நின்றுவிட்டது. மூன்று பேரும் அது காயும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலது கை காக்கி, மூன்று பட்டி. மிச்சம் முழுக்கக் கோட்டு. புள்ளி வைத்த ரை.

“கூலி?” என்றார் ஞானமலர்.

“பாதிதானே கழட்டினது. கூலி வேண்டாம்,” என்றான் செல்வராசா. ஆனாலும் அவன் தொழில்காரன். “பஞ்சுக்குப் பதினைஞ்சு தாங்கோ. அதுவும் வவுனியாவாலதான் வாறது.”

*

அவர்கள் வீட்டுக்கு வந்து சேர முன்னமே செல்வநாயகம் வந்துவிட்டார். கடைக்காரர் சாமான் எடுக்கப் போனால் நேரத்துக்கு முதலே போவார். சொன்ன நேரத்துக்குப் போனால் கழித்துவிட்ட சாமான்தான் மிஞ்சும். விறாந்தைக் கதிரையில் இருந்து, நிறஞ்சனா கொடுத்த தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்துக்கொண்டு, கூரை வளை, கிணற்றுக் கட்டு எல்லாவற்றையும் கண்ணால் நிறுத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து மரவாங்கில் ஏரம்பு இருந்தார். விசுவமடுக் குடியேற்றத்துக் கமக்காரர். வடமராட்சியில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். வேதக்காரர் இல்லை, சைவக்காரர், ஆனாலும் ஒவ்வொரு மார்கழி பதினாறும் ஒரு மூட்டை அரிசியோடு வந்துவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் ஏரம்பு மாமா, அப்பாவின் சிநேகிதன். அதற்கு மேல் ஆரும் கேட்டதில்லை.

அயல் சனம் முற்றத்தில் கூடியிருந்தது. ஞானமலர் நேரே விறாந்தைக்கு வந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் படத்தை வைத்தார். மெழுகுதிரி கொளுத்தினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு, பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்க, சாஜன் அலுமாரிக்கு வெளியே வந்தார்.

செபம் முடிந்தது. செல்வநாயகம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். படத்தைக் கிட்டப் பார்த்தார். எட்ட நின்று பார்த்தார்.

“தங்கச்சி, இந்தக் கை ஆரின்ர?”

“அவற்றதான்.”

“மிச்சம்?”

“மிச்சம் என்ர மோன்ர வேலை.”

முற்றத்தில் ஆரோ சிரிக்கப்போய் இருமினார்கள். அனிஸ்ரன் தூணுக்குப் பின்னால் போய் நின்றான். செல்வநாயகம் சிரிக்கவில்லை.

“கச்சேரியில கிளாக்கர் எண்டெல்லோ தரகர் சொன்னவர்?”

“அப்பிடித்தான் தரகருக்குச் சொல்லியிருக்கு. பொய் அண்ணை. பொலிஸ் சாஜன். டியூட்டியில செத்தவர். உங்களுக்கு அது சரிவராதெண்டால் குறை நினைக்கமாட்டன். ஆனால் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்.”

நிறஞ்சனா குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். போன வருஷம் போனது போல இந்தச் சம்பந்தமும் கண்ணுக்கு முன்னால் எழும்பிப் போகப் பார்த்தது. அவள் இம்முறை அழுவதாக இல்லை. ஆனால் அகப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“டியூட்டி எண்டால்?” செல்வநாயகம் விடவில்லை. “பொலிசில கனவிதமான டியூட்டி. சனத்துக்குச் செய்ததும் இருக்கு, சனத்தை வைச்சுச் செய்ததும் இருக்கு. மகனுக்குச் சம்பந்தம் செய்யிறவன் கேட்கத்தானே வேணும்? என்ன டியூட்டி?”

ஞானமலர் வாங்கில் இருந்த ஏரம்புவை ஒருக்கால் பார்த்தார்.

ஏரம்பு கிளாசைக் கீழே வைத்தார்.

“என்னைப் பிடிச்சுக்கொண்டு போற டியூட்டி,” என்றார்.

முற்றத்தில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள்.

“என்ன மாமா சொல்லுறியள்?” என்றான் அனிஸ்ரன். “நீங்கள் அப்பான்ர சிநேகிதன் எண்டெல்லோ...”

“சிநேகிதம் அரை மணித்தியாலம்தான் மோனை. அது ஆத்தில முடிஞ்சுது.”

ஏரம்பு ஆரையும் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு நிலையும் கதவும் செய்ய, பெர்மிற் இல்லாமல் இரண்டு முதிரை மரம் வெட்டி வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். லோறன்ஸ் தனியாகச் சைக்கிளில் வந்து மறித்தார். கைவிலங்கின் ஒரு பக்கத்தை ஏரம்புவின் கையிலும் மறு பக்கத்தை வண்டிலிலும் பூட்டி, சைக்கிளை மரத்துக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நடந்தார்.

“வழி முழுக்கக் கதை. எத்தினை பிள்ளை, எத்தினை ஏக்கர் எண்டு. ‘ஏரம்பு, வெட்டினது பிழை. இவ்வளவு நல்ல மரத்தை இவ்வளவு கோணலா வெட்டினது பெரிய பிழை’ எண்டார். எனக்குக் கையில விலங்கோட சிரிப்பு வந்திட்டுது.”

பேராற்று மதகில் கணுக்கால் தண்ணீர்தான் பாய்ந்தது. வண்டில் நடுவில் போனபோது மேலே எங்கோ அணை உடைத்த வெள்ளம் ஒரே மூச்சில் வந்தது.

“முதல் என்ர விலங்கைத்தான் திறந்தார். கழுத்தளவு தண்ணியில, திறப்பைப் பல்லில கடிச்சு எடுத்து. என்னைத் தள்ளி ஒரு மருதங் கொப்பில பிடிக்க வைச்சார். அவர் கடற்காரன். அந்த இடத்தில கரைக்கு நீந்தியிருந்தால் தப்பியிருப்பார். நான்தான் கத்தினனான். மாடு, மாடு எண்டு. நுகத்தில கட்டினபடி என்ர ரண்டு மாடும். அவர் திரும்பிப் போனார். ஒண்டை அறுத்துவிட்டார். மற்றதுக்குக் கை வைக்க, வண்டில்ல கிடந்த மரம் கட்டு விட்டுது. நான் வெட்டின மரம். தலையில வந்து அடிச்சுது.”

ஏரம்பு இப்போதுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“மூண்டாம் நாள் கொக்கிளாய்க்குப் போனனான். பொலிசில என்ர பேர் பதிவில்லை; பதியிறதுக்குள்ள அவர் போயிட்டார். ஓடியிருக்கலாம். ஏலேல்லை. இவவுக்கு முன்னால நிண்டு எல்லாத்தையும் சொன்னன். காறித் துப்புவா எண்டு நினைச்சனான். ‘எந்த மாடு தப்பினது?’ எண்டு கேட்டா. சிவலை மாடு எண்டன். ‘அப்ப அதைக் கொண்டு உழுங்கோ’ எண்டா.”

அனிஸ்ரன் தாயிடம் திரும்பினான்.

“உங்களுக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“பத்து வருஷம் எங்களுக்குச் சொல்லேல்லை!”

“சொல்லியிருந்தால் நீ அந்த அரிசியைத் திண்டிருக்கமாட்டாய். ஓடிவந்த வருஷம் வேற அரிசி எங்களிட்ட இருக்கேல்லை.” ஞானமலரின் குரல் கொஞ்சம் இறங்கியது. “உன்னை மட்டும் பேசி என்ன? நானும் மறைச்சனான்தான்.”

அனிஸ்ரன் முற்றத்தில் இறங்கிக் கிணற்றடிக்குப் போனான். எல்லோரும் அவன் முதுகைப் பார்த்தார்கள். முகம் கழுவினான். மறுபடியும் கழுவினான். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஏரம்புவுக்கு முன்னால் நீட்டினான், பந்திக்கு இருக்கிறவர் கை கழுவ.

“எழும்புங்கோ மாமா. சோறு ஆறுது.”

“மோனை...”

“இப்ப ஒண்டும் சொல்லாதையுங்கோ. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. வந்து சாப்பிடுங்கோ.”

பந்தியில் செல்வநாயகம் ஏரம்புவுக்குப் பக்கத்தில் இருந்தார். மீன் குழம்பு இரண்டு தரம் வாங்கினார். சம்பந்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாதிச் சாப்பாட்டில் மட்டும், “மற்ற மாடு?” என்று ஏரம்புவைக் கேட்டார். “அவரோட போயிட்டுது,” என்றார் ஏரம்பு. அதற்குப் பிறகு செல்வநாயகம் மூன்றாம் தரம் சோறு கேட்கவில்லை.

போகும்போது அவர் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலை வரை போய், ஞானமலரைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, பிள்ளை நல்ல பிள்ளை. எனக்குப் பொலிஸ், கிளாக்கர் எண்டு வித்தியாசம் ஒண்டும் இல்லை. ஆனால் இண்டைக்கு முடிவு சொல்லமாட்டன்.”

“ஏன் அண்ணை?”

“என்ர மகனைப் பற்றித் தரகர் உங்களுக்குச் சொன்னதில ஒண்டு சரியில்லை. அது நான் சொல்லிக் குடுத்ததுதான். கலியாணம் முடியும் வரைக்கும் சொல்லாமல் கொண்டுபோகலாம் எண்டுதான் வந்தனான். இங்க இருந்து சாப்பிட்ட பிறகு அது ஏலாது. முதல் அவனோட கதைக்கவேணும். ஞாயிறு பூசை முடிய வந்து சொல்லுறன்.”

“பெரிய விசயமோ?”

“அதை நீங்கள்தான் சொல்லவேணும்.”

சைக்கிள் போய்விட்டது. நிறஞ்சனா பின்னால் வந்து நின்றாள்.

“என்னம்மா சொல்லிட்டுப் போறார்?”

“உண்மை ஒண்டு வரக் கிடக்காம்.”

“கிடக்கட்டும். மழை வரப்போகுது, படத்தை உள்ள எடுக்கட்டோ?”

“வேண்டாம். விறாந்தைச் சுவரில ஆணி அடிக்கச் சொல்லு அண்ணனை. சாரல் படாத பக்கமா.”

ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, ஞானமலர் குசினிக்குள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு, அன்றைய நாளைத் தனக்குள் கூட்டிப் பார்த்தார். பூசைக்கு வந்தவர் பத்தொன்பது பேர். சாப்பிட்டவர் முப்பத்திநாலு. உடைந்த கோப்பை ஒன்று. ஏரம்பு சொன்ன உண்மை ஒன்று. அனிஸ்ரனின் பொய்யைத் திருப்பி, தான் சொன்னது ஒன்று. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று, அதுவும் இன்றோடு தீர்ந்தது. இந்த வீட்டுப் பக்கத்தில் இனிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

வர வேண்டியது ஒன்று. தருமபுரத்தில் இருந்து. ஞாயிற்றுக்கிழமை.